எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி

குழந்தையின் வயிற்றில் கை வைப்பதற்கு முன் டாக்டரம்மா தன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொள்வார். கை சில்லென்று இருந்தால் குழந்தை வயிற்றை எக்கிக்கொள்ளும், ஈரல் விரலுக்குச் சிக்காது என்பார். பிறகு வலது விலாவுக்குக் கீழே விரல்களைக் கிடையாக வைத்து, குழந்தை மூச்சு இழுக்கும்வரை காத்திருப்பார். மூச்சோடு ஈரல் இறங்கி வந்து விரலில் இடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கண்கள் எதையும் பார்க்காது. சளிக்கும் இருமலுக்கும் தூக்கி வந்த பிள்ளையை எதற்கு வயிற்றில் அமுக்குகிறார் என்று புதிதாக வரும் தாய்மார்கள் முழிப்பார்கள். "நெஞ்சுல சளி கட்டுனா ஈரலுக்கும் கொஞ்சம் கஷ்டமா இருக்கும் அம்மிணி. அது எப்படி இருக்குதுன்னு கேட்டுக்கறேன்" என்பார், ஏதோ பக்கத்து வீட்டில் நலம் விசாரிப்பது போல.

திருச்செங்கோட்டில் அவர் நடத்திய குழந்தைகள் மருத்துவமனையில் நான் பதினோரு வருடம் ரத்தப் பரிசோதனை செய்பவளாக வேலை பார்த்தேன். சின்ன மருத்துவமனை. மாடிப்படிக்கு அடியில் இருந்த நீளவாட்டு அறைதான் லேப். ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றிச் சீரம் என்னும் தெளிந்த நீரைப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிபியூஜ், அளவுகளைப் படித்துச் சின்னக் காகிதத்தில் அச்சடித்துத் தரும் ஓர் இயந்திரம், ஒரு பழைய ஃபிரிட்ஜ். எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். நோயாளிகள் என்னை லேப் அக்கா என்பார்கள். டாக்டரம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். மருத்துவமனையின் மேல்மாடிதான் அவருக்கு வீடு. காலையில் ஈரத்தலையோடு இறங்கி வந்தால், தலை காயும்போது பாதி வார்டைப் பார்த்து முடித்திருப்பார்.

கார்த்திகை, மார்கழியில் எங்களுக்குக் கூட்டம் தாங்காது. தறிச் சத்தத்தில் வளர்ந்த குழந்தைகள், கோழிப்பண்ணை வீட்டுக் குழந்தைகள், நான்கு நாள் காய்ச்சலோடு மோகனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்கள் என்று வராந்தா முழுக்க இருமல் கேட்கும். மூச்சு வாங்கும் குழந்தைகளுக்கு டாக்டரம்மா ஈரல் பரிசோதனையும் எழுதிவிடுவார். ஈரல் புண்பட்டால் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள் உண்டு. சாதாரணமாக நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. சளிக் காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு எண்பது, நூற்றைம்பது என்று ஏறும். காய்ச்சல் விட்டதும் தானாக இறங்கிவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்படி எத்தனையோ எண்களை நான் எழுதியிருக்கிறேன். ஏறிய எண் இறங்கும் என்பது எங்கள் இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

அந்தப் பெண் வந்தது ஒரு திங்கட்கிழமை முற்பகலில். இருபத்துநான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை, தோளில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூட யாரும் இல்லை. வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர், சத்தீஸ்கரில் இருந்தார். வருடத்தில் பாதி நாள் எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான் இருப்பார்கள். குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. எக்ஸ்ரேயில் வலது பக்க நுரையீரலில் வெள்ளையாகச் சளி தெரிந்தது. குழந்தையை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா கைகளைத் தேய்த்துக்கொண்டு வயிற்றைத் தொட்டபோது நான் ரத்தம் எடுக்கும் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஊட்டுல என்ன மருந்து குடுத்தே?"

"காய்ச்ச சிரப்புங்க. எங்கூர் டாக்டர் எழுதிக் குடுத்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்காக் குடுத்தனுங்க."

"வேற?"

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வாந்தி எடுத்தது. தாயின் சேலையிலும் டாக்டரம்மாவின் கையிலும் பட்டது. நர்ஸ் ஓடி வந்தாள், துணி தேடினாள், கட்டில் விரிப்பை மாற்றினார்கள். 'வேற' என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதே எனக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. குழந்தை கையை நீட்டச் சொன்னேன். நீட்டியது. மூன்றரை வயதுக் குழந்தை ஊசிக்கு அழாமல் கையை நீட்டினால் அது நல்ல அறிகுறி அல்ல என்று எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு, பரவாயில்லை, சமர்த்துக் குழந்தை என்றுதான் நினைத்தேன். கொஞ்சம்தான் ரத்தம் வந்தது. அதற்குமேல் குத்த மனம் வரவில்லை.

இதை எழுதும்போது என் கை நிதானமாகத்தான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அன்று மதியம் என் மேஜையில் பதினான்கு சாம்பிள்கள் இருந்தன. டெங்கு என்று சந்தேகப்பட்ட ஒரு பையனின் ரத்தத் தட்டணுக்கள் எவ்வளவு என்று கேட்டு மாடி வார்டிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. இந்தக் குழந்தையின் சீரத்தை இயந்திரத்தில் விட்டேன். 312 என்று அச்சாகி வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ரத்தத்தில் அந்தப் பொருள் அளவுக்கு மீறி இருந்தால் இயந்திரத்தால் சரியாகப் படிக்க முடியாது. பரிசோதனைக்காக இயந்திரத்தில் ஊற்றும் ரசாயனம் சட்டென்று தீர்ந்துபோய், இருப்பதைவிட மிகக் குறைவான ஓர் எண்ணைக் காட்டிவிடும். அப்போது சீரத்தைப் பத்து மடங்கு உப்புநீரில் கலந்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. மீதிச் சீரம் குழாயின் அடியில் இருந்தது. சில சமயம் குமிழி இருந்தாலும் அந்தக் குறி வரும். குமிழியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். ரிப்போர்ட்டில் 312 என்று மட்டும் எழுதிவிட்டுப் பையனின் தட்டணுக்களை எண்ண உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "சளியோட சேர்ந்ததுதான். இந்த மாசத்துல இது நாலாவது. நாளன்னிக்கு ஒருக்கா எடுத்துப் பாத்துக்கலாம்" என்றார். 312 மட்டும்தான் உண்மை என்றால் அவர் சொன்னது சரிதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு டாக்டரம்மா மாடிப்படியில் வேகமாக இறங்கி வந்தார். குழந்தை தாயை அடையாளம் தெரியாமல் பார்க்கிறது, கூப்பிட்டால் முனகுகிறது, கண் வெள்ளை மஞ்சளடித்திருக்கிறது என்றார். "நேத்து சாம்பிள் மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார். நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். கலந்து ஓட்டினேன். அவர் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். இயந்திரம் காட்டியதைப் பத்தால் பெருக்கினால் ஆறாயிரத்து எண்ணூறு வந்தது. சளிக் காய்ச்சலுக்கு ஈரல் அப்படி ஏறாது.

"நேத்தே குறி வந்துச்சுங்க டாக்டர்" என்றேன். "நான் மறுபடி ஓட்டலை."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தக் காகிதத்த எடுத்து வை" என்றார். அவ்வளவுதான். மேலே போய்விட்டார். அதன்பிறகு அவர் உயிரோடு இருந்த நாள்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

வார்டில் அந்தப் பெண்ணைக் கூடையிலிருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்னார். மூன்று பாட்டில்கள் வந்தன. ஒன்று ஊர் டாக்டர் எழுதிய காய்ச்சல் சிரப். இன்னொன்று மருந்துக் கடையில் சளிக்கு என்று கேட்டு வாங்கியது. மூன்றாவது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்கு வாங்கி மீந்த சொட்டு மருந்து. காய்ச்சல் விடவே இல்லை என்று அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தது. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று நிறம். டாக்டரம்மா மூன்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றிலும் பாரசிட்டமால் இருந்தது, அளவு மீறினால் ஈரலையே கெடுக்கும் அதே காய்ச்சல் மருந்து. சொட்டு மருந்தில் அது பல மடங்கு அடர்த்தி. சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டியதை அந்தப் பெண் சிரப் மூடியில் ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

"இத எத்தனை தடவை குடுத்தே சாமி?"

"சூடு ஏறுனப்பெல்லாம் குடுத்தனுங்க. நேத்து இங்க வந்தும் மத்தியானம் ஒருக்காக் குடுத்தேன். கொழந்தைக்குக் குடுக்கற மருந்துதானுங்களே அது?"

டாக்டரம்மா போனை எடுத்தார். அந்த மருந்தின் நஞ்சை முறிக்கும் மருந்து ஈரோட்டில் இருந்தது. ஈரலுக்கான தீவிர சிகிச்சை கோயம்புத்தூரில்தான். வார்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்த இன்னொரு டாக்டரை வரச்சொல்லிவிட்டு, ஒரு நர்ஸையும் கூட்டிக்கொண்டு அவரே ஆம்புலன்ஸில் ஏறினார். அந்தப் பெண் கூடையை மறந்து விட்டுவிட்டு ஏறினாள். ஈரோட்டில் நிறுத்தி முறிமருந்தைக் குழந்தைக்கு ஏற்றிக்கொண்டே கோயம்புத்தூர் போனார்கள். வண்டி கிளம்பிய பின் நான் லேபுக்குத் திரும்பி மீதி சாம்பிள்களை ஓட்டினேன். அன்று எந்த எண்ணிலும் குறி வரவில்லை.

குழந்தை வியாழக்கிழமை காலை இறந்துபோனது. ஒரு நாள் முன்னதாக அந்த முறிமருந்தை ஏற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று கோயம்புத்தூர் டாக்டர்கள் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கூடப் போன நர்ஸ் சொன்னாள். நான் அழவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். புளிச்சாதம். ருசி தெரிந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் புரியாமல் இருக்கிறது.

தகப்பன் ரயிலும் பஸ்ஸுமாக வந்து சேரும்போது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மனைவியையும் ஏழெட்டுச் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் கிரீஸ் கறை போகாமல் இருந்தது. கத்தவில்லை. டாக்டரம்மாவுக்கு எதிரில் நின்று, "சளிக்குத்தானுங்க கூட்டியாந்துச்சு. சளிக்கு எப்படீங்க ஈரல் போகும்? எதுனாலன்னு சொல்லுங்க" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் அந்தப் பெண் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். நான் லேப் கதவருகில் நின்றிருந்தேன். டாக்டரம்மா முதலில் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"மொத நாளே ரத்தத்துல தெரிஞ்சுதுங்க. நான் சளியோட சேர்ந்ததுன்னு நெனச்சு விட்டுட்டேன். ஒரு நாள் போயிருச்சு. எம்மேலதான் தப்பு" என்றார்.

பிறகு அந்த மனிதர் வரவேற்பு மேஜைக் கண்ணாடியில் கையை ஓங்கிக் குத்தினார். கண்ணாடி உடைந்து அவர் கைதான் கிழிந்தது. சொந்தக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கி வீசினார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். டாக்டரம்மா அந்தக் களேபரத்தில் பஞ்சு எடுத்துவந்து அவர் கையைக் கட்டப் போனார். அவர் உதறிவிட்டார். ரத்தம் வராந்தா முழுக்கச் சொட்டியது. அவர்கள் போனபின் அதைத் துடைத்தது நான். நான் அங்கே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் காலும் வாயும் என்னுடையவையாக இல்லை என்று சொன்னால் அது சாக்குப்போக்குத்தான். சொல்ல விருப்பமில்லை, அதனால் சொல்லவில்லை.

படம் போன் போனாகப் போனது. அந்த வருடம் மாசி மாதத்தில் எங்கள் வராந்தாவில் இருமலே கேட்கவில்லை. இரண்டு நர்ஸுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரியம் மட்டும் செய்தார். தகப்பன் மறுபடி ரிக் வண்டிக்குப் போய்விட்டார் என்று தெரிந்த பிறகு, ஒரு மத்தியானம் என்னையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். ஊருக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. அவள் எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. தண்ணீர் கொடுத்தாள். அப்போது அவளுக்கு நான்காவது மாதம் என்று சொன்னாள்.

டாக்டரம்மா எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மிணி, அடுத்த கொழந்தைக்கு மருந்து குடுக்கறப்போ ஒண்ணு தெரிஞ்சுக்கோணும்..." என்று ஆரம்பித்தார்.

"அது எனக்குத் தெரியுமுங்க டாக்டரம்மா" என்றாள் அவள். "சன்னல்ல மூணு பாட்டிலயும் வரிசையா வெச்சுப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சிருச்சுங்க. என்ற கையாலதான் போச்சு. நீங்க அன்னிக்கு அவருகிட்ட அதச் சொல்லியிருந்தா நான் இன்னிக்கு இருந்திருக்க மாட்டனுங்க."

டாக்டரம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உன்ற கையால மட்டும் இல்ல சாமி" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல் எனக்காக விட்டுவைத்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு இருவரும் பஸ் பிடித்து வந்துவிட்டோம்.

மறு வருடம் மருத்துவமனையை மூடினார். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனார். கிளம்பும் அன்று எனக்கு நாமக்கல்லில் ஒரு லேபில் வேலை சொல்லி வைத்திருந்தார். சொன்ன இடத்தில் என்னைப் பற்றி என்ன சொன்னாரோ, போனவுடன் சேர்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வேன். என் குழந்தைகளைப் பற்றிக் கேட்பார். ஒவ்வொரு முறையும் அதைப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துவேன். போன வருடம் அவர் இறந்த செய்தி வந்தபோது நான் சென்ட்ரிபியூஜில் குழாய்களை எதிரெதிராக வைத்துக்கொண்டிருந்தேன். வைத்து முடித்து மூடிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடக்கத்துக்குப் போகவில்லை. அத்தனை தூரம் என்று வீட்டில் சொன்னேன்.

இந்தக் கார்த்திகையில் அந்தப் பெண் எங்கள் லேபுக்கு வந்தாள். ஐந்தாறு வயதுப் பையனைக் கையில் பிடித்திருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். இப்போது நாமக்கல்லிலேயே குடியிருக்கிறார்களாம். பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல், இருமல். இங்கே உள்ள டாக்டர் எழுதிய சீட்டில் ஈரல் பரிசோதனையும் இருந்தது. "காய்ச்சலுக்கு ஒரே ஒரு மருந்துதானுங்க அக்கா குடுத்திருக்கறேன். மணியும் எழுதி வெச்சிருக்கறேன்" என்று நான் கேட்காமலே சொன்னாள். கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

நான் ஊசியை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அவளிடம் சொன்னேன். எண்ணுக்குப் பக்கத்தில் குறி வந்ததை, அதன் அர்த்தம் எனக்குத் தெரிந்திருந்ததை, பத்து நிமிட வேலையை நான் செய்யாததை, டாக்டரம்மா தன் தப்பு என்று சொன்னது பொய் என்பதை. என் குரல் ரிப்போர்ட் வாசிப்பது போலத்தான் இருந்தது. வேறு குரல் வரவில்லை.

அவள் பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தாப் பொழைச்சிருக்குமுங்களா?"

"பொழைச்சிருக்கலாம்."

பொத்தானை விட்டுவிட்டு, "அவருக்கு இன்னிவரைக்கும் மருந்து விசயம் தெரியாதுங்க. ரெண்டையும் சேத்துச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். சொல்லச் சொன்னேன். "இங்க வருவாருங்க" என்றாள். வரட்டும் என்றேன். பிறகு அவளே பையனின் சட்டைக் கையை மடக்கிவிட்டு அவன் கையை என் பக்கம் நீட்டினாள். எடுத்தேன். அளவு ஐம்பத்திரண்டு. ஏதும் குறி இல்லை. இருந்தாலும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. வலது கையில் விரல்களுக்குக் கீழே தழும்பு இருந்தது. நான் எழுந்து நின்றேன். என்ன செய்தாலும் செய்யட்டும் என்றிருந்தேன். அவர் என்னை அதிகம் பார்க்கவில்லை.

"ஊட்டுல எல்லாஞ் சொல்லிருச்சுங்க" என்றார். "அது கையால ஆனதும் சொல்லிருச்சு, உங்க கையால ஆனதும் சொல்லிருச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த டாக்டரம்மா இப்ப எங்கீங்க இருக்கறாங்க?" என்று கேட்டார்.

"போன வருசம் தவறிட்டாங்க."

அவர் காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கையைத் தொடையில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தன பேரு முன்னால அப்படிப் பண்ணுனேன். அப்பக்கூட அந்தம்மா, தப்பு தம்மேல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார்.

இருமுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். உட்கார இடமில்லை. அவர் எழுந்து இடம் விட்டார். "வாரேனுங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டேன்.